இருளம்மாள் ஊற்றிய தண்ணீர்

சேசு மரி சூசை துணை

1892ஆம் வருஷம், மாசி மாதம் 8ந் தேதி,
மார்க்கையன்கோட்டைக்குக் கீழ்புறம், நம் கோயில் தெரு.

பெரியாற்று மலையில் கல்வேலை பார்க்கும் என் தம்பி அருளப்பனுக்கு, அக்காள் மதலேனாள் உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொண்டு எழுதும் கடிதம். சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். மலைக்காய்ச்சல் உன் பக்கம் திரும்பாதிருக்கத் தினமும் மாதாவிடம் மன்றாடி வருகிறேன். கஷாயத்துக்கு நிலவேம்பு காயவைத்து இதோடு கொடுத்து விட்டிருக்கிறேன். கசக்கிறது என்று தூரப் போடாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை மேஸ்திரியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. எத்தனை நாள் ஆனாலும் நீயே எழுத்துக் கூட்டி வாசி. நம் அய்யா நம்மை ஆற்று மணலில் உட்காரவைத்து விரல் தேய எழுதப் பழக்கினது வீண் போகவேண்டாம். என் எழுத்து கோழி கிண்டின மாதிரித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஊரார் கடிதமெல்லாம் எழுதித் தருகிற மரியசூசை உபதேசியாரிடம் இதைக் கொடுக்க எனக்குப் புத்தி கெட்டா போயிற்று? அவர் தலையே இதில் நாலு இடத்தில் உருளுகிறது.

கார்த்திகை மாதம் வண்டிக்கார வேலுச்சாமியிடம் உனக்குச் சொல்லி அனுப்பினேன் அல்லவா? "பங்கிராஸ் பொறந்தாச்சு, தாயும் பிள்ளையும் சொகம், ஞானஸ்நானமும் ஆச்சு" என்று. அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நீயும் மலையில் கருப்பட்டி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாயாம். "என் மகன் பங்கிராசுக்கு" என்று சொல்லி ஒரு சிவப்புக் குல்லாவும் அனுப்பினாய். குல்லா நல்ல குல்லா. ஆனால் தம்பி, பங்கிராஸ் பெண்பிள்ளை.

தாளைக் கசக்கிவிடாதே! மேலே வாசி. நான் சொல்லி அனுப்பினால் நீ என்ன நினைப்பாய் என்று தெரிந்தேதான் சொல்லி அனுப்பினேன். ரோசம்மாளுக்கு அதில் பங்கில்லை. அவள் அப்போது எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். ஆடி மாதம் நீ வண்டியில் ஏறும்போது என்ன சொன்னாய்? "மூணாவதும் பொட்டையா இருந்தா நான் மலைய விட்டு எறங்க மாட்டேன்." உன் இரண்டு மகள்களும் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காதில் விழுகிறதே என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. மகன் பிறந்தால் நம் அய்யா பேர் பங்கிராஸ் என்று வைப்பேன், அர்ச்சியசிஷ்ட பங்கிராசியார் படத்துக்கு முன்னால் மொட்டை போடுவேன் என்று நேர்ந்துகொண்டும் போனாய். அன்றிலிருந்து ரோசம்மாள் வயிற்றைத் தடவினால் கூடப் பயந்து பயந்து தடவினாள். அதனால்தான் மறைத்தேன். மறைத்த பாவத்தைத் தை மாதம் வந்த சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அவர் எனக்கு விதித்த அபராதம், ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை மூன்று தடவையும், உனக்கு உண்மையை எழுதி அனுப்புவதும். செபத்தை அன்று சாயங்காலமே முடித்தேன். கடிதம்தான் நாலு வாரமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

இனி நடந்ததைக் கேள். கார்த்திகை மாதத்து அடைமழை. ரோசம்மாளுக்கு விடியற்காலம் வலி எடுத்தது. ஏழு ஊருக்கும் ஒரே மருத்துவச்சி இருளம்மாள்தான், உனக்குத் தெரியாததா? அவள் வந்து பார்த்துவிட்டு, "இது லேசுல வாராது, நீ போயி உங்க கோயில் தண்ணி இருந்தா வாங்கியா" என்று என்னை விரட்டினாள். நான் தீர்த்தம் வாங்க ஓடினேன். உபதேசியார் வீட்டில் இல்லை, வயலில் மடை வெட்டிவிடப் போயிருந்தார். சேற்றில் விழுந்து எழுந்து நான் அவரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே பிள்ளையின் தலை மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. கொடி கழுத்தில் இரண்டு சுற்று. முகம் நாவல்பழ நிறம். மூச்சு இல்லை.

இருளம்மாள் கைவைத்திருக்கிற பிள்ளைகளில் எத்தனை இப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தே ரோசம்மாளுக்கும் தெரிந்துவிட்டது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத உன் பெண்டாட்டி அப்போது போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். "ஆத்தா, கொடத்துல இருந்து தண்ணி எடுத்து அது தலையில ஊத்து! நான் சொல்லச் சொல்ல நீயும் சொல்லு!" ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேசத்தில் நாம் எல்லாரும் படித்ததுதானே. தாய் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல, மருத்துவச்சி ஒரு கையால் கொடியைத் தளர்த்திக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். "பங்கிராஸ், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

தம்பி, மாமனார் பேரை ஒரு நாளும் வாயால் சொல்லாதவள் ரோசம்மாள். கோயிலில் பங்கிராசியார் பேர் வரும் இடத்தில் கூட உதட்டை மூடிக்கொள்வாள். அன்றைக்குத்தான் அந்தப் பேரைச் சொன்னாள். நேர்ந்த பேர் அது ஒன்றுதான் அவள் நினைப்பில் இருந்தது. தலை மட்டும் தெரிகிற பிள்ளையைப் பார்த்து ஆண் என்றும் பெண் என்றும் யாரால் சொல்ல முடியும்? தண்ணீர் பட்டதும் பிள்ளை சிலிர்த்தது. கொடி விலகியது. தோள் வந்தது, உடம்பு வந்தது, அதற்குப் பின்னால் ஒரு அழுகை வந்தது பார், நான் வயல் வரப்பிலிருந்து கேட்டேன்! ஓடி வந்து பார்த்தால் இருளம்மாள் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "அடியே, பொம்பளப் பிள்ளைடி! பேர மாத்தி இன்னொரு செம்பு ஊத்தவா?" என்று கேட்கிறாள். ரோசம்மாள் அழுதாளா சிரித்தாளா எனக்கே தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உபதேசியார் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊற்றினவள் பொம்பளை, அதிலும் அஞ்ஞானி, வைத்தது ஆம்பளைப் பேர், இது எந்தக் கணக்கிலும் ஞானஸ்நானம் ஆகாது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். யார் வேண்டுமானாலும் என்று படித்தோமே என்று கேட்டேன். "யாரும்னா நம்ம வேதத்து ஆம்பளைன்னு அர்த்தம் மதலேனாள்" என்றார். அவரே மறுபடி கொடுக்கவும் பயம், கொடுக்காமல் விடவும் பயம். சுவாமியார் வந்து முறையாகக் கொடுக்கும் வரையில் பிள்ளை கோயில் வாசல்படி தாண்டக் கூடாது, அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் கோயில் கல்லறையில் இடமில்லை என்றும் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஆனால் பச்சை உடம்புக்காரியிடம் சொல்லுகிற பேச்சா அது? அன்றிலிருந்து இரண்டு மாதம் ரோசம்மாள் பிள்ளையைக் கீழே விடவில்லை. பிள்ளை தும்மினால் இவளுக்கு உயிர் போய் உயிர் வரும். சேசு பிறந்த திருநாளன்று நாங்கள் எல்லாரும் உள்ளே பாடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாசலுக்கு வெளியே வேலி ஓரம் நின்று பாடினாள். கேட்டுக்கொண்டு என்னால் பாட முடியவில்லை.

தை பிறந்து பத்தாம் நாள் சுவாமியார் மட்டக்குதிரையில் வந்து இறங்கினார். பிரான்சு தேசத்தில் பிறந்தவர், ஆனால் பேசுவது நம்மைவிடச் சுத்தமான புஸ்தகத் தமிழ். ஊரே கோயிலில் கூடிவிட்டது. உபதேசியார் நின்றுகொண்டு வழக்காடுகிற மாதிரி மூன்று குற்றத்தையும் வரிசையாகச் சொன்னார். சுவாமியார் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டு, "தண்ணீர் ஊற்றின அந்த அம்மாள் எங்கே?" என்றார்.

இருளம்மாள் வெளியே புங்கமரத்தடியில் நின்றாள். வெள்ளைக்காரச் சாமி தன்னைப் போலீஸ் கச்சேரிக்குப் பிடித்துக் கொடுக்கப் போகிறது என்று அவளுக்குள் உதறல். ஆனாலும் ஓடவில்லை. வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள். தண்ணீர் எங்கே எடுத்தாய் என்று கேட்டார். குடிக்கிற குடத்தில் என்றாள். தலையில் ஓடியதா என்றார். "ஓடுச்சு சாமி, என் சீலையும் நனஞ்சுச்சு" என்றாள். சொன்ன வார்த்தைகளைத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். எங்கே பாடம் பண்ணினாய் என்று கேட்டதற்கு, "முப்பது வருஷமா இந்தத் தெருவுக்குப் பிள்ள பிடிக்க வாரேன் சாமி, இவுக செபத்தக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு" என்றாள். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

பிறகு சுவாமியார் ஒரு கேள்வி கேட்டார். "ஊற்றும்போது உன் மனதில் என்ன நினைத்தாய்?" இருளம்மாள் சொன்னாள்: "எனக்கு உங்க சாமியத் தெரியாது. நான் கும்புடுறது வேற சாமி. ஆனா இந்தத் தாயி கும்புடுற சாமிகிட்ட இந்தப் பிள்ளையச் சேத்துப்புடணும்னு நெனச்சேன். இங்கன கோயில்ல நீங்க என்ன நெனச்சு ஊத்துவீகளோ, அதே நெனப்புத்தேன்."

சுவாமியார் எழுந்தேவிட்டார்! இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, மடத்தில் தான் ஏழு வருஷம் படித்த பாடத்தை இந்த அம்மாள் மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிட்டாள் என்றார். குருவானவர் இல்லாத இடத்தில், சாகிற ஆபத்தில், ஆணும் கொடுக்கலாம், பெண்ணும் கொடுக்கலாம், ஞானஸ்நானம் பெறாதவரும் கொடுக்கலாம். தண்ணீரும் வார்த்தையும் திருச்சபை செய்கிறதைச் செய்கிற எண்ணமும் இருந்தால் அது ஞானஸ்நானம்தான் என்றார். "இனி நான் மறுபடி ஊற்றினால் பாவம் எனக்குத்தான் வரும்" என்றும் சொன்னார். ரோசம்மாள் வாசலுக்கு வெளியேதான் நின்றாள். உள்ளே வா என்று அவரே கூப்பிட்டார். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு படி தாண்டினாள். நான்தான் போய் முன்னால் கூட்டிவந்தேன்.

உபதேசியார் அதோடு விட்டாரா? "சரி சாமி, பேரையாவது மாத்தணுமே, பொம்பளப் பிள்ளைக்குப் பங்கிராசா?" என்றார். சுவாமியார் அவரைப் பார்த்து, "உம்முடைய பேர் என்ன?" என்று கேட்டார். பாவம், "மரியசூசை" என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. "என் பேரிலும் மரியாள் இருக்கிறாள். நாம் இருவரும் ஆண்பிள்ளைகள் இல்லையா?" என்றார் சுவாமியார். அன்று ஆண்கள் பக்கமிருந்து வந்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. உபதேசியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாக அவர், பங்கிராசம்மாள் என்றாவது எழுதலாம் என்றார். அப்போதுதான் ரோசம்மாள் பேசினாள். கோயிலுக்குள் செபம் தவிர வேறொன்றுக்கும் நம் பெண்கள் வாய் திறந்து நான் கண்டதில்லை. அவள் நடுக்கோயிலில் நின்று, "மூச்சு இல்லாமக் கெடந்தப்ப அந்தப் பேரக் கேட்டுத்தேன் சாமி பிள்ள அழுதுச்சு. அதுல ஒண்ணயும் கூட்ட வேண்டாம், கொறைக்க வேண்டாம்" என்றாள்.

சுவாமியார் அப்படியே எழுதினார். பெரிய புஸ்தகத்தில் பேர் பங்கிராஸ், பெண்குழந்தை, தகப்பன் அருளப்பன், தாய் ரோசம்மாள். ஞானஸ்நானம் கொடுத்தவர் பேர் எழுதுகிற இடம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் மேலிருந்து கீழ்வரை குருமார் பேர்தான். அங்கே "இருளம்மாள், மருத்துவச்சி" என்று எழுதினார். அவளிடம் சொன்னபோது, "எங்க அய்யா ஒச்சாண்டி பேரயும் சேத்து எழுதச் சொல்லுங்க, ஊருல வேற இருளம்மாளும் இருக்காளுக" என்றாள். அதையும் எழுதினார். அவள் வாசல்படியிலேயே நின்று குலவை போட்டாள். உள்ளே இருந்த பெண்கள் பூராவும் கூடச் சேர்ந்துகொண்டோம். கோயிலுக்குள் குலவையா என்று உபதேசியார் சுவாமியாரைப் பார்த்தார், சுவாமியார் கூரையைப் பார்த்தார். பிறகு உப்பும் எண்ணெயும் வெள்ளை வஸ்திரமும் வைத்து மிச்சச் சடங்கெல்லாம் செய்தார். நான்தான் ஞானத்தாய்.

இப்போது வீட்டில் நடக்கிற வேடிக்கையைக் கேள். பேரை அத்தனை உறுதியாக எழுத வைத்தவள் வீட்டுக்கு வந்ததும் பழையபடி மாமனார் பேர் சொல்ல மாட்டேன் என்கிறாள். பிள்ளையை "அய்யா" என்றுதான் கூப்பிடுகிறாள். "அய்யா, எந்திரிங்க, பால் குடிங்க, அய்யாவுக்கு என்ன கோவம்?" என்று அவள் கெஞ்சுவதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பாய். பெரியவளும் சின்னவளும் தெருவில் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு, "எங்க பங்கிராஸ்" என்று ஊர்வலம் போகிறார்கள். நம் அய்யா பேர் தெருவில் மறுபடி கேட்கிறது, தம்பி. எனக்கு அது போதும் என்றுதான் இருக்கிறது. பிள்ளைக்கு மூக்கும் நெற்றியும் உன்னை உரித்து வைத்திருக்கிறது. குணம் என்னை மாதிரி, பசி பொறுக்காது.

நேர்ச்சை என்ன ஆவது என்று நீ கேட்பாய். பேரை வைத்தாயிற்று. மொட்டை உன் தலை, அது உன் பாடு. சித்திரைக் கடைசியில் பங்கிராசியார் திருநாள் வருகிறது. மலையில் காய்ச்சல் காலம் தொடங்கினால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று வேலுச்சாமி சொன்னான். எல்லாரும் இறங்குவார்கள். நீ என்ன செய்வாய் என்பதுதான் இங்கே ஒருத்திக்குத் தெரியவில்லை. அவளாக ஒன்றும் கேட்க மாட்டாள். நான் எழுத உட்கார்ந்தபோது உனக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்தாள். பிறகு, "கோவம் இருந்தா அத மலையிலயே விட்டுட்டு அவுக மட்டும் வரட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சர்வேசுரனும் மாதாவும் உன் கையையும் காலையும் கல்லுக்கும் காய்ச்சலுக்கும் தப்புவித்துக் காப்பாற்றுவார்களாக. வந்துவிடு அப்பா.

உன் அக்காள்,
மதலேனாள்


சேசு மரி சூசை துணை

பெரியாற்று மலை, பங்குனி 3ந் தேதி.

என்னை வளர்த்த அக்காள் மதலேனாளுக்கு, தம்பி அருளப்பன் வணக்கமாய் எழுதிக்கொண்டது. நான் சுகம். நிலவேம்பு குடிக்கிறேன். கசக்கத்தான் செய்கிறது.

கடிதத்தை நானே வாசித்தேன். மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் பெண்பிள்ளை என்ற இடம் வந்ததும் மடித்துக் குடிசை ஓலையில் செருகிவிட்டு வேலைக்குப் போனேன். யார் மேலடா கோபம், கல் இப்படித் தூளாகிறதே என்று மேஸ்திரி கேட்டார். அடுத்த கல்லை எடுத்தேன். இரண்டாம் நாள் அதைத் தொடவேயில்லை. மூன்றாம் நாள் மழை, வேலை இல்லை, எடுத்தேன்.

பிள்ளையின் தலை மட்டும் வந்து நின்றது, மூச்சு இல்லை என்று நீ எழுதின இடத்தில் அந்தத் தாள் முடிகிறது. அடுத்த தாளைக் காணவில்லை. பாயை உதறினேன், மூட்டையைக் கொட்டினேன், மழையில் வெளியே போய்க் கூரையெல்லாம் துழாவினேன். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தும் தேடுவதை நிறுத்த முடியவில்லை. மூச்சு வந்ததா, வந்ததா என்று மட்டும்தான் இருந்தது அக்காள். மகனா மகளா என்ற நினைப்பு எனக்கு அந்த நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாள் ஓலை இடுக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அழுதது என்று வாசித்ததும் நானும் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள். எனக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று சொன்னேன். மறுபடியும் கருப்பட்டி வாங்கிக் கொடுத்தேன்.

சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் இறங்கிவிடுவேன். இருளம்மாள் ஆத்தாளுக்குக் கூடலூர்ச் சந்தையில் நல்ல சீலை ஒன்று எடுத்து வருகிறேன். சொல்லிவிடாதே.

வண்டியில் ஏறும்போது நான் சொன்ன சொல்லை ரோசம்மாள் மறந்திருக்க மாட்டாள். மறந்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. நான் வாசலில் வந்து நிற்கும்போது பிள்ளையை என் கையில் கொடுக்கச் சொல். கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பங்கிராசின் அப்பன்
அருளப்பன்